ரோல் பக்கம் போனால் மயிர் சிலிர்க்கிறதா? ஃபிலிம் பிரிண்டிங் ஆலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே, சிப்ஸ் பாக்கெட் ஆகியவற்றுக்கான பிளாஸ்டிக் ஃபிலிமை அச்சடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, வெட்டி, ரோலாகச் சுற்றி அனுப்பும் ஆலைகளில் மெயின்டனன்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். முதல் வாரத்திலேயே உங்களுக்கு இது நடக்கும். ஃபிலிமை நீளவாக்கில் வெட்டும் ஸ்லிட்டிங் மெஷினில், அதை ரோலாகச் சுற்றும் ரீவைண்டர் ஓரமாக நடந்து போவீர்கள், கை மயிர் எழுந்து நிற்கும். இன்னும் ஓர் எட்டு வைத்தால் சுளீர் என்று ஓர் அடி. ஆபரேட்டர் சிரித்துக்கொண்டே, "ஸ்டாட்டிக்தான் சார், போகப் போகப் பழகிடும்" என்பார். ஸ்டாட்டிக் என்றால் பரப்பில் தேங்கி நிற்கும் நிலைமின்சாரம்.

பழக்கிக்கொள்ளாதீர்கள். ஸ்லிட்டிங் பக்கம் அந்த அடி வெறும் தொல்லை. அதே அடி, இங்க்கைக் கரைக்கும் சால்வென்ட் வாசம் அடிக்கும் பிரிண்டிங் யூனிட் பக்கத்தில் விழுந்தால் தீ.

நான் சேர்ந்த புதிதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வயரிங்கும் மோட்டாரும்தான். ஷாக் அடிக்கிறதா, எர்த்து போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். எர்த்திலிருந்து ஒரு செம்புக் கம்பியை இழுத்து, ஓடும் ஃபிலிமின் மேல் உரசுகிற மாதிரி கட்டிவிட்டேன். மூன்று ரோலில் ஆரம்பம் முதல் கடைசி வரை நேராக ஒரு கீறல் விழுந்தது. ஷாக் மட்டும் அப்படியே இருந்தது. ஃபோர்மேன் திட்டவில்லை. "ஃபிலிம்ல கரெண்டு ஓடுமாய்யா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தத் தொழிலில் ஸ்டாட்டிக்கைப் பற்றி நான் கற்றதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியதுதான்.

1. சாக்பீஸோடு ஒரு சுற்று

மெஷினைச் சுற்றி வந்து, கண்ணில் படும் ஒவ்வொரு பொருளையும் பார்த்து இது மின்சாரத்தைக் கடத்துமா, கடத்தாதா என்று கேளுங்கள்.

கடத்தும் பொருளுக்கு மருந்து எர்த்து. மெஷின் ஃபிரேம், ரோலர், இங்க் ட்ரே, டிரம், தள்ளுவண்டி எல்லாம் இதில் வரும். மனித உடம்பும் கடத்தும் பொருள்தான், மறந்துவிடாதீர்கள். கடத்தாத பொருளுக்கு எர்த்து பலிக்காது. பாலியெஸ்டர், பிஓபிபி (ஒருவகை பாலிபுரொப்பிலீன்), பாலித்தீன் ஃபிலிமின் ஒரு புள்ளியைத் தொட்டால் அந்தப் புள்ளியில் இருக்கும் மின்னூட்டம் மட்டும் இறங்கும். ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருப்பது அசையாது. என் செம்புக் கம்பி தோற்றது இப்படித்தான். அங்கே காற்றில் அயனிகளை உண்டாக்கி ஃபிலிமின் மேல் விட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பொருளையே அந்த இடத்திலிருந்து அகற்ற வேண்டும்.

சாக்பீஸால் பெரிய வட்டம் போட வேண்டியது மூன்றாவது வகைக்கு. கடத்தும் பொருள் ஒன்று, கடத்தாத ஒன்றின் மேல் உட்கார்ந்திருப்பது. நைலான் சக்கரம் வைத்த இரும்புத் தள்ளுவண்டி, பிளாஸ்டிக் ஹோஸின் முனையில் தொங்கும் இரும்பு நாசில், ரப்பர் செருப்பு போட்ட ஆள். ஃபிலிம் தன் மின்னூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். தனித்து நிற்கும் இரும்போ சேர்த்துவைத்தது மொத்தத்தையும் ஒரே பொறியில் கொட்டிவிடும்.

எவ்வளவு கொட்டும் என்று ஒரு கணக்கு. மனித உடம்பின் மின்தேக்கத் திறன் சுமார் 150 பிகோஃபாரட் என்று வையுங்கள். விரல் நுனியில் ஷாக்கை நாம் உணரத் தொடங்குவது ஏறத்தாழ 3,000 வோல்ட்டில். அந்தப் பொறியில் இருக்கும் ஆற்றல் சுமார் 0.68 மில்லிஜூல். டொலுவீன் ஆவி பற்றிக்கொள்ளச் சாதகமான கலவையில் 0.24 மில்லிஜூல் போதும். அதாவது உங்களுக்கு "அட, லேசாத்தான் இருந்துச்சு" என்று தோன்றுகிற ஷாக்கே தீக்குப் போதுமானதற்கும் மேல். 20 பிகோஃபாரட் மட்டுமே உள்ள சின்ன இரும்பு வாளி 10,000 வோல்ட்டுக்கு ஏறினால் ஒரு மில்லிஜூல். வாளிதானே என்று விட்டுவிட முடியாது.

2. எங்கே பிறக்கிறது என்று பாருங்கள்

தேய்த்தால்தான் ஸ்டாட்டிக் வரும் என்று பள்ளிக்கூடத்தில் சீப்பையும் காகிதத் துண்டையும் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தேய்க்கவே வேண்டாம். இரண்டு பரப்புகள் தொட்டுப் பிரிந்தால் போதும். ஃபிலிம் ரோலிலிருந்து உரிந்து வரும் அன்வைண்டர், இரண்டு உருளைக்கு நடுவே நசுங்கி வெளியேறும் நிப், ஒவ்வொரு ரோலரையும் விட்டு விலகும் இடம் எல்லாமே பிறப்பிடங்கள். வேகம் கூடினால் ஏறும், நிப்பின் அழுத்தம் கூடினாலும் ஏறும். ரோலர் சுற்றாமல் இழுபட்டுக்கொண்டிருந்தால் ரொம்பவே ஏறும். பேரிங் இறுகிய ஒரு ஐட்லர் ரோலரை (மோட்டார் இல்லாமல் ஃபிலிமின் இழுப்பில் சுற்றுவது) மாற்றிய உடனே பாதிப் பிரச்சினை தீர்ந்த மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். காற்றில் அயனிகளை உண்டாக்கும் ஐயனைசருக்குச் செலவு செய்வதற்கு முன் எல்லா ரோலரையும் கையால் சுற்றிப் பாருங்கள், மெஷின் நிற்கும்போது.

3. அளந்து பாருங்கள்

கையில் பிடிக்கிற ஸ்டாட்டிக் மீட்டர் ஒன்று ஸ்டோரில் இருக்கும். பெரும்பாலும் பேட்டரி இல்லாமல். அதைத் தேடி எடுத்து, முதலில் எர்த்தான உலோகப் பரப்பின் முன் பிடித்துச் சுழியாக்குங்கள். ஒவ்வொரு மீட்டரும் குறிப்பிட்ட தூரத்துக்குக் கணக்கிடப்பட்டது. சிலதுக்கு 25 மி.மீ., சிலதுக்கு 100 மி.மீ. உடலில் அச்சிட்டிருக்கும். தூரம் மாறினால் எண் பொய் சொல்லும். அச்சு யூனிட் பக்கத்தில் கொண்டுபோவதாக இருந்தால், ஆவி இருக்கும் பகுதிக்கு அனுமதிக்கப்பட்ட மீட்டர்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் முதலில் ஏமாறுவது எந்த இடத்தில் அளப்பது என்பதில்தான். ரோலரின் மேல் ஃபிலிம் படிந்திருக்கும் இடத்தில் அளந்தால் மீட்டர் ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்று காட்டும். மின்னூட்டம் அங்கேதான் இருக்கிறது. பின்னால் உள்ள உலோகம் அதன் புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் மீட்டருக்குத் தெரிவதில்லை. இரண்டு ரோலருக்கு நடுவே ஃபிலிம் அந்தரத்தில் ஓடும் இடத்தில், பின்னாலும் உலோகம் இல்லாதபடி பார்த்து அளக்க வேண்டும்.

அன்வைண்டருக்குப் பின், ஒவ்வொரு நிப்புக்குப் பின், டிரையர் வாயில், ரீவைண்டருக்கு முன் என்று புள்ளிகளைத் தேர்ந்து, ஒரு தாளில் மெஷினை வரைந்து எண்களை எழுதுங்கள். கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள், ஓரிடத்தில் கூட்டலாக இருந்தது அடுத்த ரோலருக்குப் பின் கழித்தலாகிவிடும். அப்புறம் சுற்றி முடித்த ரோலை அளந்து பாருங்கள். ஓடும்போது 5 கிலோவோல்ட் காட்டிய ஃபிலிம், அடுக்கடுக்காகச் சேர்ந்து ரோலானதும் மீட்டரின் எல்லையைத் தாண்டிப் போகும். உங்களை அடித்தது அந்தக் கூட்டுத்தொகை.

4. எர்த்து: சலிப்பான வேலை, ஆனால் உயிர் இதில்தான்

உலோகப் பகுதி ஒவ்வொன்றிலிருந்தும் எர்த்துக்கு உள்ள தடையை மீட்டரில் பாருங்கள். ஸ்டாட்டிக் கசிந்து போக ஒரு மெகாஓம் இருந்தாலே போதும் என்பது கணக்கு. ஆனால் இரும்போடு இரும்பு சேர்ந்திருக்கும் இணைப்பில் 10 ஓமுக்கு மேல் காட்டினால் எங்கோ துரு, பெயின்ட், தளர்ந்த போல்ட் என்று அர்த்தம். இன்றைக்கு 200 ஓம் காட்டும் இணைப்பு அடுத்த மாதம் விட்டே போயிருக்கும். அதனால் 10 ஓம் என்பதையே அளவாக வைத்துக்கொள்கிறோம். இந்தியத் தர ஆவணம் வேண்டுமென்றால் ஐ.எஸ். 7689 என்று ஒன்று இருக்கிறது, வேண்டாத நிலைமின்சாரத்தைக் கட்டுப்படுத்துவதற்கென்றே போட்டது. வாங்கி ஒருமுறையாவது படித்துவிடுங்கள்.

சுற்றும் ரோலரில் ஒரு சூட்சுமம் உண்டு. நிற்கும்போது அளந்தால் எர்த்து நன்றாகக் காட்டும். ஓடும்போது பேரிங்கில் உள்ள கிரீஸ் மெல்லிய படலமாகி, குண்டுகளைப் பிரித்து, ரோலரைத் தனியாக்கிவிடும். சந்தேகம் இருந்தால் ஷாஃப்ட் முனையில் ஒரு கார்பன் பிரஷ் வைத்துவிடுங்கள்.

டிரம்முக்குப் போடும் கிளாம்ப், பெயின்ட்டைக் குத்திக்கொண்டு இரும்பைக் கடிக்கிற கூர்முனை வைத்ததாக இருக்கட்டும். பேட்டரி சார்ஜ் செய்யும் முதலைவாய் கிளிப் போதாது. வரிசையும் முக்கியம். முதலில் கிளாம்ப், அப்புறம் மூடியைத் திறப்பது. முடித்ததும் முதலில் மூடி, அப்புறம் கிளாம்ப். கிளாம்ப்பைப் பூட்டும் நொடியில் பொறி வரலாம், அந்த நேரத்தில் ஆவி வெளியே இருக்கக் கூடாது.

5. ஆட்கள்

புதியவர்கள் எல்லாரும் குழம்பும் இடம் ஷூ. எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் காப்பு ஷூ மின்சாரத்தைத் தடுப்பதற்கு. சால்வென்ட் பகுதிக்குத் தேவை ஆன்ட்டிஸ்டாட்டிக் ஷூ, மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்கிவிடுவதற்கு. இரண்டும் நேர் எதிர். நான் பேனல் வேலைக்குப் போட்டிருந்த ஷூவோடே பல மாதம் இங்க் யூனிட்டுக்குள் போய்வந்தேன், கேட்கவும் ஆள் இல்லை. ஆன்ட்டிஸ்டாட்டிக் ஷூவின் தடை 100 கிலோஓமிலிருந்து 1,000 மெகாஓமுக்குள் இருக்கும். கீழ் எல்லை ஏன் என்றால், தப்பித்தவறி 230 வோல்ட்டைத் தொட்டுவிட்டாலும் ஆள் பிழைக்க வேண்டுமே.

ஷூ மட்டும் சரியாக இருந்து பயனில்லை. அடியில் காய்ந்த இங்க் ஒட்டியிருந்தால் போச்சு. உள்ளே தனியாக ஒரு ஸ்பாஞ்ச் சோல் வைத்திருந்தாலும் போச்சு. நின்று நின்று கால் வலிக்கிறது என்று ஆபரேட்டர் அட்டைப்பெட்டியை விரித்து அதன் மேல் நின்றாலும் போச்சு. அவர் மேல் குற்றமில்லை, எட்டு மணி நேரம் நிற்பவருக்குக் கால் வலிக்கத்தான் செய்யும். கடத்தும் ரப்பரில் மேட் கிடைக்கிறது, அதை வாங்கிக் கொடுங்கள். ஓர் ஆலையில் ஆடிட் வருகிறது என்று தரை முழுவதும் பளபளவென்று எப்பாக்ஸி பூசினார்கள். அடுத்த நாளிலிருந்து ஷூ டெஸ்டரில் எல்லாரும் பாஸ், மெஷின் பக்கத்தில் எல்லாருக்கும் ஷாக். எப்பாக்ஸி கடத்தாது. தரைக்கும் கடத்தும் வகைப் பூச்சு தனியாக இருக்கிறது.

உடை பருத்தியாக இருக்கட்டும். சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் பருத்தி உடைதான் என்று வற்புறுத்துவதும் இதற்காகத்தான். ஸ்வெட்டரோ ஜாக்கெட்டோ போட்டிருந்தால் வெளியிலேயே கழற்றிவிட்டு வாருங்கள், உள்ளே கழற்ற வேண்டாம்.

6. சால்வென்ட் ஊற்றும் இடம்

இங்கே நிதானமாகப் படியுங்கள்.

2007 அக்டோபர் 29 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டெமாய்ன் நகரில், பார்ட்டன் சால்வென்ட்ஸ் நிறுவனத்தின் கிடங்கில் 300 கேலன் இரும்புத் தொட்டி ஒன்றில் எத்தில் அசிடேட் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நம் ஆலைகளில் அன்றாடம் புழங்கும் அதே எத்தில் அசிடேட். தொட்டியின் வாயில் நாசிலை வைத்து, அது நழுவாமல் இருக்க ஓர் இரும்பு எடையை மாட்டிவிட்டு, வால்வைத் திறந்துவிட்டு ஆபரேட்டர் அறையின் மறுபக்கம் நடந்தார். டப் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் தொட்டியைச் சுற்றித் தீ, நாசில் தரையில் கிடந்து சால்வென்டைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. கிடங்கே அழிந்தது. டிரம்கள் ராக்கெட் மாதிரி பறந்தன. நாசில், ஹோஸ் ஆகியவற்றின் உலோகப் பகுதிகளும் அந்த எடையும் தொட்டியோடும் எர்த்தோடும் இணைக்கப்படாமல் தனித்திருந்ததால் பொறி வந்தது என்றுதான் அந்நாட்டு வேதியியல் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்னது.

முதல் சுற்றில் சாக்பீஸ் வட்டம் போட்டோமே, மூன்றாவது வகை, அதுதான் இது.

ஆக, சால்வென்ட் அறையில் செய்ய வேண்டியவை: கொடுக்கும் பாத்திரத்தையும் வாங்கும் பாத்திரத்தையும் ஒன்றோடொன்று இணையுங்கள், இரண்டையும் எர்த்தோடு இணையுங்கள். உள்ளே கம்பி ஓடும் கடத்தும் ஹோஸ் பயன்படுத்துங்கள், அதன் இரு முனைகளுக்கும் இடையே தடையை அவ்வப்போது அளந்து பாருங்கள். உள்கம்பி அறுந்திருந்தால் வெளியே தெரியாது. மேலிருந்து சொரியவிடாமல் குழாய் முனை அடிவரை போகட்டும். முனை மூழ்கும் வரை நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். புனலும் வடிகட்டியும் இரும்பாக இருந்தால் அவற்றுக்கும் இணைப்புக் கம்பி வேண்டும்.

பிளாஸ்டிக் பக்கெட்டில் சால்வென்ட் எடுக்கவே கூடாது. "அஞ்சு லிட்டர்தானே, ரோலர் துடைக்கத்தானே" என்று தினமும் ஒருவர் கேட்பார். கொடுக்காதீர்கள். பெயின்ட் வந்த காலி பக்கெட்டாக இருந்தால் இன்னும் மோசம், அதில் இரும்புக் கைப்பிடி வேறு, பிளாஸ்டிக் காதில் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். துடைக்கும் துணியிலும் கவனம் வேண்டும். மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டில் இப்போது பாலியெஸ்டர் நிறையக் கலந்திருக்கிறது. பருத்தியை மட்டும் பொறுக்கி எடுத்துத் தனிப் பெட்டியில் வையுங்கள்.

கிராவியர் மெஷினில், அதாவது குழி செதுக்கிய சிலிண்டரால் அச்சடிக்கும் மெஷினில், இன்னொன்று. அங்கே ஃபிலிமைச் சிலிண்டரோடு அழுத்தும் இம்ப்ரெஷன் ரோலரில் வேண்டுமென்றே மின்னூட்டம் ஏற்றுகிற கருவி இருக்கலாம், சிலிண்டரின் குழிகளிலிருந்து இங்க் எழும்பி ஃபிலிமில் ஏறுவதற்காக. அந்த யூனிட்டில் மீட்டர் எகிறினால் கோளாறு என்று பதறாதீர்கள். ஆனால் கழுவும் வேலை தொடங்கும் முன் அதை அணைத்தார்களா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

7. அயனி பார்

இப்போதுதான் ஃபிலிமுக்கு வருகிறோம். ஸ்டாட்டிக் பார் என்று மெஷினில் குறுக்கே இருக்கும் கம்பத்தில் வரிசையாக ஊசிகள் இருக்கும். அவற்றுக்கு 4 முதல் 8 கிலோவோல்ட் வரை மின்னழுத்தம் கொடுத்தால் ஊசிமுனையைச் சுற்றிக் காற்று அயனியாகிறது. ஃபிலிம் தனக்கு எதிரான குறியுள்ள அயனியை இழுத்துக்கொண்டு சமநிலைக்கு வருகிறது.

மாட்டும் இடம்தான் எல்லாம். அளந்த இடத்துக்குச் சொன்னதே இதற்கும்: ஃபிலிம் அந்தரத்தில் ஓடும் இடத்தில், பின்னால் ரோலரோ ஃபிரேமோ இல்லாத இடத்தில். தூரம் பொதுவாக 25 முதல் 40 மி.மீ., உங்கள் பாரின் கையேட்டில் இருப்பதே இறுதி. ரோலரின் எதிரே மாட்டிய பார், பச்சை விளக்கு எரிய எரிய, வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருக்கும். கடைசி பார் ரீவைண்டரை ஒட்டினாற்போல் இருக்கட்டும். அதற்கும் ரோலுக்கும் நடுவே இன்னொரு ரோலர் இருந்தால் அங்கே மறுபடி பிறந்துவிடும்.

மெஷின் வேகத்தையும் கணக்கில் எடுங்கள். 50 ஹெர்ட்ஸ் ஏசி (மாறுதிசை மின்சார) பார் ஒரு சுற்றில் பாதி நேரம் கூட்டல், பாதி நேரம் கழித்தல் அயனிகளைத் தரும். நிமிடத்துக்கு 300 மீட்டர் ஓடும் ஃபிலிம் ஒரு சுற்றுக்குள் 10 செ.மீ. நகர்ந்துவிடும், 600 மீட்டரில் 20 செ.மீ. பார் மிக நெருக்கமாக இருந்தால் ஃபிலிமில் கூட்டலும் கழித்தலும் பட்டை பட்டையாக விழும். வேகம் கூடிய மெஷினுக்கு வேறு வகை பார் தேவையா என்று விற்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

செலவு கம்மியாக வேண்டுமென்றால் செம்பு டின்சல் (மெல்லிய செம்பு இழைச் சரம்) அல்லது கார்பன் இழை பிரஷ் இருக்கிறது. எர்த்தோடு கட்டி, ஃபிலிமைத் தொடாமல் சில மில்லிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். என் செம்புக் கம்பியின் நல்ல தம்பி என்று சொல்லலாம். கூர்முனைகள் பல இருப்பதால் ஃபிலிமின் புலமே காற்றை அயனியாக்கிவிடும். ஆனால் அது சுழி வரைக்கும் இறக்காது, கொஞ்சம் மிச்சம் வைக்கும். ரீவைண்டரில் ஷாக்கைக் குறைக்கப் போதும். ஒட்டிக்கொள்ளும் பவுச்சைப் பிரிப்பதற்குப் போதாது.

இங்க் யூனிட் பக்கத்தில் மாட்டும் பார், ஆவி உள்ள பகுதிக்குச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். இந்தியாவில் அந்த ஒப்புதல் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு) அமைப்பின் கையில். விலை குறைவு என்று சாதாரண பாரை அங்கே மாட்டுவது தீப்பெட்டியை மாட்டுவதற்குச் சமம்.

அப்புறம் சுத்தம். ஊசிகளில் இங்க் தூசும் காகிதத் தூளும் படிந்துகொண்டே இருக்கும். மின்சாரத்தை அணைத்து, மென்மையான பிரஷ்ஷாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் வாரம் ஒருமுறை துடைத்து, முழுக்கக் காய்ந்த பின் போடுங்கள். விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது. பாருக்கு முன் ஓர் அளவு, பின் ஓர் அளவு. வித்தியாசம் இல்லை என்றால் பார் செத்துவிட்டது, அவ்வளவுதான்.

8. ஈரப்பதம், ஸ்ப்ரே

கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் ஈரப்பதத்துக்கென்றே தனிப் பிளான்ட் ஓடும். காற்று காய்ந்தால் பாலியெஸ்டர் இழை ரோலரில் சுற்றிக்கொண்டு லேப்பிங் ஆகும். பருத்தியும் காகிதமும் ஈரத்தை உறிஞ்சுவதால் அங்கே இது நல்ல மருந்து. பிஓபிபி, பாலித்தீன் ஃபிலிம்கள் ஈரத்தை உள்ளே வாங்காதவை. 60, 65 சதவீதம் இருந்தால் உதவும், ஆனால் அதை நம்பி பாரை விட்டுவிடாதீர்கள். ஏசி போட்ட ஸ்லிட்டிங் அறையில் 40-க்குக் கீழே போனால் மட்டும் உடனே கவனியுங்கள். ஆன்ட்டிஸ்டாட்டிக் ஸ்ப்ரே அவசரத்துக்கு உதவும், சீக்கிரம் போய்விடும். அச்சு விழும் பக்கத்திலும் உணவு படும் பக்கத்திலும் கேட்காமல் அடிக்கக் கூடாது.

9. நோட்டு

ஸ்லிட்டிங் டேபிளில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். காலையில் ஈரப்பதம், ஆறு புள்ளிகளின் அளவு. யாருக்காவது ஷாக் அடித்தால் நேரம், எந்த ஃபிலிம், என்ன வேகம், எங்கே நின்றார், காலில் என்ன போட்டிருந்தார். முதலில் யாரும் எழுத மாட்டார்கள், ஷாக் அடித்தது என்று எழுதினால் கேலி செய்வார்கள் என்று கூச்சம். முதல் வரியை நீங்களே உங்கள் பெயர் போட்டு எழுதிவிடுங்கள். நான் எழுதிய முதல் வரி: "இரவு 2.10, ரீவைண்டர், ஹவாய் செருப்பு."